நாளுக்கு மூன்று குளியல்

ரஞ்சிதத்தின் தோல் கழன்றது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அன்றைய மூன்றாவது குளியலில். காலனிக் குழாயடியை ஒட்டிய தகரத் தடுப்புக்குள் அவள் பீர்க்கங்கூட்டு நாரால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கழுத்தின் பின்புறம் ஏதோ முடிச்சு அவிழ்ந்ததுபோல் தளர, சோப்பு நுரையோடு நுரையாக அது தோளிலிருந்து இறங்கி, இடுப்பில் ஒரு கணம் தங்கி, காலடியில் ஈரத்துணிபோல் குவிந்தது. வலி இல்லை, இரத்தம் இல்லை. உள்ளே இருந்த ரஞ்சிதம் அப்போதுதான் உரித்த நுங்குபோல ஒளி புகும் நிறத்தில் இருந்தாள். அவள் புடவையைச் சுற்றிக்கொண்டு, கழன்றதை இரண்டு தண்ணீர் அலசி, உதறி, முன்கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்த கணவரிடம், செருப்பு வார் அறுந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இந்தாய்யா, கழண்டுக்கிச்சு."

முனிரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதை இரு கைகளாலும் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கன்றுத்தோலும் புரட்டிய கைகள் அவை. "முழுசா வந்திருக்கு. ஒரு கிழிசல் இல்ல," என்றார். "நெழல்ல போடு. வெயில் பட்டா வெறச்சுப்போவும்."

அவர் அற்புதங்களை நம்பாதவர். நாற்பது மேடைகளில் நின்று அற்புதங்களுக்கு எதிராகப் பேசியவர். ஆகவே இதை அற்புதம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இடைவிடாத உழைப்பின் விளைவு என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, ஏனென்றால் அந்த உழைப்பைக் காலனிக்குக் கற்பித்தவர் அவர்.

கற்பிக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலாற்றில் தண்ணீர் நின்றுபோய் மணல் மட்டும் கிடந்த காலம். பஸ் நிலையத்து முனையில் வரதனின் டீக்கடை. ஊர்க்காரர்களுக்குக் கல்லாவை ஒட்டிக் கழுவி அடுக்கிய கண்ணாடித் தம்ளர்கள். கால்வாய்மேட்டுக் காலனிக்காரர்களுக்கு வெளிச்சுவரில் ஆணியில் மாட்டிய அலுமினியத் தம்ளர்கள். முனிரத்தினம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். வரதன் திட்டியிருந்தால் அவருக்குப் பதில் தெரியும். அடித்திருந்தால் அதற்கும் தெரியும். வரதன் கையைப் பிசைந்துகொண்டு தணிந்த குரலில் சொன்னான்: "நான் சாதி பாக்கறவன் இல்லப்பா. வாடைதான். ஷாப்புலேர்ந்து அப்படியே வந்துடறீங்க. மத்தவங்க எழுந்து போயிடறாங்க. நீயே சொல்லு, நான் கடை நடத்த வேணாமா?"

அந்த மென்மைதான் அவர் நெஞ்சில் ஆணியடித்தது. அன்றே உட்கார்ந்து பதினாறு பக்கத்துக்கு ஒரு சிறு நூல் எழுதினார். 'நாளுக்கு மூன்று குளியல்' என்று தலைப்பு. கீழே, 'கால்வாய்மேட்டு மக்களுக்கு ஓர் அறைகூவல்'. வாடை என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள், அந்தத் திரையைக் கிழிப்போம், பிறகு எதன் பின்னால் ஒளிகிறார்கள் பார்ப்போம் என்பது அதன் சாரம். விடியலில் ஒரு குளியல், ஷாப்பை விட்டு வெளியேறும்போது ஒன்று, ஊருக்குள் காலெடுத்து வைக்கும் முன் ஒன்று. ஒவ்வொன்றிலும் உச்சி முதல் உள்ளங்கால் வரை சோப்பு. நுரை வெள்ளையாக வரும்வரை நார். படிக்கத் தெரியாதவர்களுக்குக் தெருமுனையில் நின்று அவரே உரக்கப் படித்துக் காட்டினார். குழாய்களே அப்போது இல்லை. அவற்றுக்காகத்தான் முப்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் அவருக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது, வேலை போனது. ஆனால் ஷாப்புக்குள் ஏழு குழாய் வைத்த குளியலறையும் காலனியில் நான்கு குழாயும் வந்தன. இந்த மாவட்டத்தில் எந்தக் கொடி பிடித்தவனும் அதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்டு வென்றதில்லை. முதலில் குளித்துக் காட்டியவள் ரஞ்சிதம். பதினான்கு ஆண்டுகளில் ஒரு குளியலைக்கூட, காய்ச்சலில்கூட, அவள் விட்டதில்லை.

ஆகவே முதலில் கழன்றது அவளுடையது என்பதில் காலனிக்கு வியப்பில்லை. அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் இருபத்து மூன்று பேருக்குக் கழன்றது. எல்லாரும் மூன்று குளியல் தவறாதவர்கள்; இரண்டோடு நிறுத்திக்கொண்ட சோம்பேறிகளுக்குத் தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கோட்டீஸ்வரி தன்னுடையதைக் கொடியில் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நாப்பத்திரெண்டு வயசுல இப்பதான் என் முதுகை நான் பாக்கறேன். இன்னாமா அழகா கீது. இத்தினி நாளா இதைச் சொல்லாத புருசன் ஒரு புருசனா?"

புதிதாக எது வந்தாலும் அதற்கு ஒழுங்கு வந்துவிடும். பொங்கலுக்கும் சாவுக்கும் ஒழுங்கு வைத்திருக்கிறவர்களுக்கு இது பெரிதில்லை. தோலை உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட வேண்டும், கவ்வி போடக்கூடாது, சண்டைக்காரர் தோலுக்குப் பக்கத்தில் போடக்கூடாது, காக்கைக்கு ஒரு கண் வைத்திருக்க வேண்டும், விளக்கு வைக்கும் முன் உடுத்திவிட வேண்டும் என்று பெண்கள் வகுத்தார்கள். ரஞ்சிதத்தின் அண்ணன் தேசிங்கு, சுண்ணாம்புக் குழியில் வேலை பார்ப்பவர், அவசரத்தில் பக்கத்து வீட்டு அந்தோணியின் தோலை உடுத்திக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போய்வந்தார். "எனக்கு எங்க அரிக்கணுமோ அங்க அரிக்கமாட்டேங்குது மாப்ளே," என்று முனிரத்தினத்திடம் முறையிட்டார். "அவனுக்கு எங்க அரிக்குமோ அங்க அரிக்குது. அதை வெளிய சொல்லவும் முடியல." ஷாப் மேஸ்திரியோ, தோலோடு வந்தாலும் தோலில்லாமல் வந்தாலும் ஏழு மணி சங்குக்குள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ரேஷன் கடைக்காரர் அட்டையில் எழுதியிருந்த மச்சம் உடம்பில் இல்லை என்று இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்ப, அவர்கள் வீட்டுக்குப் போய் மச்சத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

முனிரத்தினம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பார்க்கவில்லை. அவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாடை தோலில் இருக்கிறது என்றால், தோலே இல்லாதவளிடம் வாடை எங்கே இருக்கும்? பதினான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த கேள்வி இப்போதுதான் தன் உண்மையான உருவில் வந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சிதத்தின் தோலைக் கொடியிலேயே விட்டுவிட்டு, அவளுக்கு வெள்ளைப் புடவை கட்டச்சொல்லி, கடைத்தெரு வழியே அழைத்துப் போனார். பின்னால் காலனியில் பாதிப்பேர். ரஞ்சிதத்துக்குக் காற்றே கூசியது; புடவை நூல் ஒவ்வொன்றும் முள்ளாகத் தெரிந்தது; ஆனாலும் நிமிர்ந்து நடந்தாள், வேலைநிறுத்த ஊர்வலத்தில் நடந்ததைப்போல. வரதன் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. முனிரத்தினம் மேடைக் குரலில் கேட்டார்: "மோந்து பாரு வரதா. வாடை இருக்குதா?"

வரதன் நாணத்தோடு ஓரடி முன்னால் வந்து முகர்ந்தான். இன்னோர் அடி வைத்து முகர்ந்தான். "ஒண்ணுமே இல்லையே," என்றான் மெய்யான வியப்போடு. "மழைத்தண்ணி மாதிரி கீது." கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். "உக்காரும்மா," என்று சொல்லிவிட்டு அவன் டீ ஆற்றினான், நன்றாக, சர்க்கரை கூடுதலாகப் போட்டு ஆற்றினான். ஆற்றியபடியே அவனுடைய இடது கை, அவனைக் கேட்காமல், வெளிச்சுவரை நோக்கி நீண்டு, ஆணியிலிருந்து அலுமினியத் தம்ளரை எடுத்தது.

தெருவே அதைப் பார்த்தது. வரதனும் பார்த்தான். பார்த்த பிறகும் அதில்தான் ஊற்றினான். "கை பழகிடுச்சு முனிரத்தினம்," என்றான். "தப்பா எடுத்துக்காதே."

முனிரத்தினம் திரையைக் கிழித்துவிட்டார், பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை, வெறும் ஒரு கை மட்டும் இருந்தது. ரஞ்சிதம் தம்ளரை நிரம்பியபடியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாய்யா போலாம்," என்றாள். "எனக்குக் குளிக்கணும்."

அன்று அவள் நான்கு முறை குளித்தாள். மறுநாள் ஐந்து முறை.

புரட்டாசி பிறந்தபோது காலனியில் தோல்கள் நைந்துபோகத் தொடங்கின. வெங்காயச் சருகுபோல மெலிந்தன. உடுத்தினால் நிற்கவில்லை, தும்மினால் கழன்றன. கோட்டீஸ்வரி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு நகராட்சி மருந்தகத்துக்குப் போக, டாக்டர் மெஹருன்னிசா இருபத்து மூன்று பேரை மருந்தகத்துக்குள் நிற்கவைக்க இடமில்லாமல் தானே காலனிக்கு வந்துவிட்டார். குழாயடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தோலாகத் தடவிப் பார்த்தார். அவருக்கும் இது வியப்பாக இல்லை, சோர்வாகத்தான் இருந்தது.

"தோலுக்குன்னு ஒரு எண்ணெய் இருக்கு," என்றார். "கடையில விக்கறது இல்ல, உடம்பே கசியறது. அதுதான் தோலை உடம்போட பிடிச்சு வச்சிருக்கு. அதை மூணு வேளையும் சோப்புப் போட்டு அரிச்சு எடுத்துட்டீங்க. நாளைக்கு ஒரு குளியல் போதும். ஷாப்புக்குப் போறவங்க வேலை முடிஞ்சு அதைக் குளிங்க. மத்த நேரம் வேர்த்தா வெறும் தண்ணி. சோப்பு கக்கத்துக்கு, தொடை இடுக்குக்கு, பாதத்துக்கு, சுண்ணாம்பு பட்ட கைக்கு. ரொம்பச் சூடு வேணாம், ரொம்ப நேரம் வேணாம். ஈரம் காயறதுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவுங்க. அந்த நாரையெல்லாம் அடுப்புல போடுங்க. கழண்டதை உடுத்திக்கிட்டு மூணு வாரம் கழட்டாம இருங்க. பிடிச்சுக்கும்."

"அவ்ளோதானா?" என்றாள் கோட்டீஸ்வரி. "இதுக்கா டாக்டருக்குப் படிச்சீங்க?"

"இதுக்குத்தான்," என்றார் டாக்டர்.

முனிரத்தினம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு குளியல் போதும் என்றால் மற்ற இரண்டும் எதற்கு, முப்பத்தொரு நாள் எதற்கு, முறிந்த விலா எதற்கு? "உங்களை யாரும் நாறுதுன்னு சொன்னதில்ல டாக்டரம்மா," என்றார். "உங்களுக்கு ஒண்ணு போதும்."

டாக்டர் அவரைப் பார்த்தார். "சொல்லியிருக்காங்க. ஹாஸ்டல்ல, பக்கத்துக் கட்டில்காரி. அது வேற பேச்சு. அந்தப் பேச்செல்லாம் தோலுக்குத் தெரியாது ஐயா."

இருபத்து மூன்று பேரும் டாக்டர் சொன்னபடி செய்தார்கள். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று பேருக்கும் தோல் பிடித்துக்கொண்டது. காலனி முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணந்தது. கொடிகளில் மறுபடி வேட்டியும் புடவையும் மட்டும் தொங்கின.

ரஞ்சிதம் மட்டும் நிறுத்தவில்லை. முதல் சில நாள் முனிரத்தினம் அதைப் பெருமையோடு பார்த்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. படையெல்லாம் கலைந்தபின்னும் ஒருத்தி கொடியை விடாமல் நிற்கிறாள் என்று பார்த்தார். பிறகு ஒரு காலை, அவளுடைய தோலின் முழங்கையில், கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசலைக் கண்டார். அவள் தகரத் தடுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"போதும் ரஞ்சிதம்," என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "டாக்டரம்மா சொன்னதுதான் சரின்னு வச்சுக்கோ. நான் எழுதினதை விடு."

"நீ எழுதினதுக்காகவா குளிக்கறேன்?"

"பின்னே?"

அவள் சோப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், அரிசியில் கல் பொறுக்குகிறவளின் நிதானத்தோடு சொன்னாள். "எனக்கு வாடை வருதுய்யா. குளிச்சு முடிச்சு பத்து நிமிசத்துல வருது. எங்கம்மா ஷாப்புலேர்ந்து வந்து என்னைத் தூக்குவா; அவ மேல அது அடிக்கும்; அது எனக்கு அம்மா வாசனை. உன்மேல அடிச்சுது, அது புருசன் வாசனை. நீ அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டற வரைக்கும் எனக்கு வாடைன்னு ஒண்ணு தெரியாது."

அவர் எழுந்து உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். அவர் வாதாடி வெல்லக்கூடிய எவனும் இதில் எதிரே இல்லை. இவளைக் குளிக்காமல் தடுக்க முடியாது; அந்த வாடையை இவள் மூக்கில் வைத்தவர் அவர்தான்; அப்படியென்றால் எத்தனை குளியலுக்கும் கிழியாத தோல் இவளுக்கு வேண்டும். இவ்வளவு தூரம் வந்ததும் அவர் கைகளுக்கு வழி தெரிந்துவிட்டது. நைகிற தோலை நையாமலும் அழுகுகிற தோலை அழுகாமலும் செய்ய முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருந்தது.

தேசிங்கு கேள்விப்பட்டு ஓடிவந்தார். "வேணாம் மாப்ளே. பதம் போட்டா அது மறுபடி பச்சைத்தோல் ஆவாது. நமக்குத் தெரியாததா? அது கெடாது, சரி. உசிரு இருக்குமா?"

"ஷாப்காரன் போடற பதம் வேற. நான் போடறது வேற."

"என் தங்கச்சிய்யா அவ."

"என் பொஞ்சாதி."

தேசிங்கு தங்கையிடம் போனார். அவள் ஈரப்புடவை சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "செய்யட்டும் விடுண்ணே," என்றாள். "இத்தினி வருசத்துல எனக்காகன்னு அவரு கையால ஒண்ணு செஞ்சதில்ல. எல்லாம் ஊருக்குத்தான்."

முனிரத்தினம் கொல்லையில் பெரிய மண்தாழியைப் புதைத்தார். சுண்ணாம்பு காட்டவில்லை, கத்தி படவிடவில்லை. ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்து, முதலில் மெல்லிய சாறு, பிறகு கொஞ்சம் தடித்தது, பிறகு இன்னும் தடித்தது என்று நாளுக்கு நாள் மாற்றி, முழங்கையளவு கையை விட்டுக் காலையும் மாலையும் புரட்டினார். கிழிசலை நூலிழையால் தைத்தார். புரட்டும்போதெல்லாம் தோல் அவரிடம் ஏதாவது சொல்லிற்று. இடது தோளில் அம்மைக்குத்தின் வட்டம். முன்கையில் கஞ்சிப்பானை சுட்ட கோடு. இடுப்பின் ஓரத்தில், பயறளவு, ஒரு மச்சம். முப்பது ஆண்டு வாழ்ந்தும் அந்த மச்சத்தை அவர் பார்த்ததில்லை. முதுகின் நடுவே வெளிறிய ஒரு நீளத் தழும்பு. வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடியால் வந்தது. தன் விலா எலும்பைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியவருக்கு இவளும் அடிபட்டாள் என்பது இப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது. கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அச்சகத்துக்கும் போக மிச்சமிருந்த நேரத்தில் தொட்ட உடம்பை அவர் தாழிக்குள் முதன்முறையாக முழுசாகத் தொட்டார்.

பத்தொன்பதாம் நாள் டாக்டர் மெஹருன்னிசா தாமாகவே வந்தார். தோலில்லாமல் குளிக்கவும் முடியாமல் படுத்திருந்த ரஞ்சிதத்தின் நுங்குநிற மேனியைத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தார். "பாருங்க, கசியுது. எண்ணெய் மறுபடி ஊறுது. இத்தனை நாள் சோப்புப் படாம இருந்தது நல்லதாப் போச்சு. தோலை எடுத்துக்கிட்டு வாங்க, இன்னிக்கே உடுத்திடலாம். கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, ஒட்டிக்கும். எங்க அது?"

"நெழல்ல காயுது," என்றார் முனிரத்தினம்.

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். டாக்டர் கொல்லைப் பக்கம் திரும்பி, அவிழ்த்துவைத்த பட்டைச் சாக்கையும் தாழியையும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் செய்வதற்கு மிச்சமிருந்ததை முனிரத்தினம் செய்தார். கடுக்காய் நீரில் போட்டு எடுத்து, நல்லெண்ணெய் விட்டு, உள்ளங்கையாலேயே தேய்த்துத் தேய்த்து மெதுவாக்கினார். இருபத்தேழாம் நாள் அதை வெளியே எடுத்தபோது காலனியே வந்து பார்த்தது. அத்தனை பேரும் தோல் தெரிந்தவர்கள். ஒவ்வொருவராக விரலால் தொட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்குக் கையுறை தைக்கலாம்போல அவ்வளவு மெது. ஊசி போட்டு இழுத்தாலும் கிழியாத அவ்வளவு உறுதி. ஆவாரம்பூவின் மஞ்சள் ஒளி உள்ளுக்குள் ஓடுகிற பழுப்பு. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு தோலை யாரும் இறக்கியதில்லை என்று தேசிங்கு சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரஞ்சிதம் உடுத்தினாள். அளவு பிசகவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், விரலை மடக்கிப் பார்த்தாள், முன்கையை மூக்கருகே கொண்டுபோனாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஷாப் வாடை," என்றாள். "சுத்தமான பட்டை வாடை. இனிமே எந்தச் சோப்பு போட்டும் போவாது. தொல்லை விட்டுது, போ."

அன்றிலிருந்து அவள் ஒரு வேளைதான் குளித்தாள். சமைத்தாள், கோட்டீஸ்வரியோடு கதைபேசினாள், கடைத்தெருவுக்குப் போனாள், வரதன் கடையை ஏறிட்டும் பார்க்காமல் கடந்தாள். எட்டு நாள் முனிரத்தினம் தன் வாழ்நாளில் இரண்டாம் முறையாக வென்றுவிட்டதாக நினைத்தார்.

ஒன்பதாம் நாள் ஐப்பசியின் முதல் மழை. தெருவில் இருந்தவர்கள் தலையில் முறத்தையும் சாக்கையும் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ரஞ்சிதம் வாசலில் முதுகைக் காட்டி நின்று சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்தின காற்றும் அவளுக்குத் தெரியவில்லை. முதல் துளிகளும் தெரியவில்லை. தோளில் விழுந்த துளிகள் சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடின.

"யக்கா, மழை," என்று எதிர்வீட்டிலிருந்து கோட்டீஸ்வரி கத்தினாள். "உள்ள போயேன்."

ரஞ்சிதம் சுவரில் கரைந்து வழிகிற சாணியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "பெய்யுது." உள்ளே வந்து, கதவோரம் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்து, அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல, "சத்தம் கேக்குதே," என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அடுப்பிலிருந்து தெறித்த கங்கு அவள் பாதத்தில் கிடந்து கருக, வீட்டுக்குள் வந்த நாற்றத்தை வைத்து அவர்தான் கண்டுபிடித்துத் தட்டிவிட்டார். கொசுக்கள் அவளை விட்டுவிட்டன. குழந்தைகள் மடியில் ஏறினால், கனத்தை வைத்துத்தான் யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தாள். டாக்டர் ஒரு குண்டூசியோடு வந்து, தொடாத இடம் இல்லாமல் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசியைத் தன் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு போனார்.

கார்த்திகையில் முனிரத்தினம் மறுபடி எழுத உட்கார்ந்தார். இம்முறை ஒரே பக்கம். நாளுக்கு ஒரு குளியல் போதும், சோப்பு நாலு இடத்துக்கு, எண்ணெய் ஈரத்தோடு, நார் வேண்டாம். பழைய நூலில் எழுதியது பிழை, எழுதியவன் முனிரத்தினம். நம்மிடம் வாடை இருக்கிறது என்று சொன்னவனை நம்பியதுதான் முதல் பிழை. எந்தக் குழாய்க்கும் அதைக் கழுவத் தெரியாது, அது அவன் கையில் இருக்கிறது. இதைக் குழாயடியில் நின்று படித்தார். குரல் பழையபடி எடுபடவில்லை. பெண்கள் குடத்தை வரிசையில் தள்ளிக்கொண்டே கேட்டார்கள்.

"இதைத்தானே டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க மாப்ளே," என்றார் தேசிங்கு. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

"அப்பவே சொன்னாங்க," என்றார் முனிரத்தினம்.

தாளைக் குழாய்க் கம்பத்தில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வெயில் ஏறியிருந்தது. கொல்லையில், தாழி புதைத்த இடத்தை மண்போட்டு மூடிய மேட்டுக்குப் பக்கத்தில், பலகையைப் போட்டு ரஞ்சிதம் குளித்துக்கொண்டிருந்தாள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவு சத்தம் கேட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சரி. வந்து முதுகு தேச்சு வுடு. கை எட்டல."

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் குந்தினார். உள்ளங்கையை அவள் முதுகின் நடுவே, அந்த நீளத் தழும்பின் மேல், வைத்தார். அது அவர் கைக்குக் கீழே மெதுவாக, இளஞ்சூடாக, சுருக்கமில்லாமல் கிடந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒருமுறை தேய்த்தார். தோளிலிருந்து தோளுக்குத் தேய்த்தார். அவளுடைய மூச்சு உள்ளே போய் வெளியே வருவது அவர் விரல்களுக்குத் தெரிந்தது. மேடையில் பேசாத சொற்கள், முப்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட சொற்கள், எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து, அவசரமில்லாமல், ஓரிடம் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சிதம் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். காத்திருந்து காத்திருந்து, கொஞ்சம் சலித்துக்கொண்டு, செல்லமாகத்தான் சொன்னாள்.

"எவ்ளோ நேரம்யா கூப்பிடறது? வாயேன்."

முனிரத்தினம் கையை எடுக்கவில்லை.

"வந்துட்டேன்," என்றார்.